பதினோராவது படத்துக்கு எழுதியது

மூன்று அண்ணன்களுக்குப் பின் பிறந்த ஒரே தங்கை அவள். தையல் படிக்கும் முன்பே, வாயால் எல்லாரையும் குத்திக் குத்தி ஊசி என்று பெயர் வாங்கிவிட்டாள். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை. அதுதான் கடை. தைத்ததை எல்லாம் படமெடுத்து, சொந்தமாக ஒரு இணையதளமும் போட்டிருந்தாள்.

அந்தத் தளத்தைக் குறை சொன்னது நடு அண்ணனின் மனைவி. அண்ணிக்குப் பார்வை போய் நாலு வருஷம். ஃபோன் வாசித்துச் சொல்லும், அவர் கேட்பார்.

"உன் பக்கத்துக்கு வந்தா பொத்தான், பொத்தான், பொத்தான்னே சொல்லுது. சட்டைப் பொத்தானா, அழுத்துற பொத்தானான்னு நான் எதைக் கண்டேன்?"

ஊசிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானுக்கும் 'அளவு கொடுக்க', 'கூப்பிட' என்று பெயர் வைத்தாள். கண் மங்கினவர்களுக்காக வெளிறிய எழுத்தைக் கறுப்பாக்கினாள். முடித்த கையோடு, சோதித்துப் பார்க்க அண்ணியையே கூப்பிட்டாள். அண்ணியும் கைத்தடியோடு மாடியேறி வந்தார். தன் மகன் கல்யாணத்துக்கென்று ஊசி தைத்துக் கொடுத்த கோட்டைத்தான் போட்டிருந்தார்.

அண்ணி ஃபோனைத் தடவினார். பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் பெயர் சொல்லின.

"பரவாயில்லயே! என் நாத்தனாருக்கும் மூளை இருக்கு."

"நக்கல் வேண்டாம் அண்ணி."

அடுத்து ஃபோன் சொன்னது: "படம் ஒன்று. காலர் கோணல். அந்த வக்கீல் கழுத்தே கோணல், யாரும் கண்டுபிடிக்க முடியாது."

ஊசிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

துணியின் உள்பக்கம் சீட்டுக் குத்திவைப்பது அவள் வழக்கம். தன் நினைவுக்கு மட்டும், உள்ளதை உள்ளபடி எழுதுவாள். துணியைக் கொடுக்கும்போது பிய்த்துவிடுவாள். தளத்தில் படம் ஏற்றுகையில் கீழே 'பட விளக்கம்' என்று ஒரு கட்டம் வந்தது. அதில் எழுதியது எதுவும் திரையில் தெரியவில்லை. சரி, இதுவும் சீட்டுக் குத்தத்தான் என்று எண்ணி, சீட்டில் இருந்ததை அப்படியே அதில் ஏற்றிவைத்திருந்தாள். படம் கண்ணுள்ளவர்களுக்கு, காதால் கேட்பவர்களுக்குப் படத்தில் என்ன வேலை என்று இந்த ஒரு மாதமும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்வை இல்லாதவர்களுக்கு ஃபோன் வாசித்துச் சொல்வதே அந்தக் கட்டத்தைத்தான்.

"படம் இரண்டு. போன தடவை அளவைவிட இடுப்பில் ரெண்டு இஞ்சு கூட்டினேன். சொன்னால் அழுவாள்."

அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடிப்பாவி, இது உங்க பெரிய அண்ணன் மகதானே?"

ஊசிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோராவது படம் இப்போது அண்ணியின் தோளில் இருக்கும் கோட்டு. அதற்கு என்ன எழுதினாள் என்பது ஒரு எழுத்து விடாமல் நினைவிருந்தது.

"போதும் அண்ணி, ஃபோன் சூடாயிடும்."

"சூடானா என் கைதானே சுடும்? நீ சும்மா இரு."

ஏழு, எட்டு. அவள் ஃபோனைப் பிடுங்கப் போனாள். அண்ணி கையைத் தட்டிவிட்டார். ஒன்பது, பத்து.

"படம் பதினொன்று. நடு அண்ணி. கேட்ட பச்சைத் துணி தீர்ந்துவிட்டது, சாம்பல் நிறத்தில் தைத்துவிட்டேன். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது."

அண்ணி மறுபடி விரலை வைத்தார். ஃபோன் மறுபடி அதையே சொன்னது. அவர் தன் கோட்டின் கையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அப்போ என் மகன் கல்யாணத்துல நான் சாம்பல் கலர்லயா நின்னேன்?"

"ஆமா அண்ணி. கல்யாணத்துக்கு மூணு நாள்தான் இருந்துச்சு. சொன்னா வேண்டாம்பீங்களோன்னு..."

"வந்தவங்க எல்லாரும் பார்த்தாங்க. நானும் பச்சை, பச்சைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒருத்தர் வாயத் திறக்கல. உங்க அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்குன்னார்."

ஊசி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணன் இப்படிச் சொன்னது அவளுக்கு இதுவரை தெரியாது. தன் பொய்யைத் தன்னோடு முடிந்த ஒன்று என்றல்லவா நினைத்திருந்தாள்!

"மன்னிச்சிருங்க அண்ணி. இப்பவே அழிச்சுடறேன்."

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்." அண்ணி கோட்டைக் கழற்றி வெட்டு மேசை மேல் வைத்தார். "நாலு வருஷத்துல எங்கிட்ட உள்ளதச் சொன்னது அந்த ஒரு கட்டம்தான். உங்க அண்ணனுக்கு ஃபோன் போடு, உடனே வரச்சொல்லு. அவரும் இங்க உக்காந்து கேக்கட்டும்."

ஊசி அண்ணனின் எண்ணை அழுத்தினாள்.