வெயிலில் இறங்கிய முள்

என் காரில், முன்கண்ணாடிக்குக் கீழே, ஒரு வட்ட மீட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலையில் ஒரு சந்தனப் பொட்டு. கம்பெனி கொடுத்த மீட்டர் இல்லை, நான் தனியாக வாங்கி மாட்டியது. எஞ்சினுக்குள் டர்போ எவ்வளவு காற்றை அழுத்தித் தள்ளுகிறது என்று அதன் முள் சொல்லும். வீட்டுக்கு ஓட்டுகிற வண்டிக்கு இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. காலமெல்லாம் போர்வெல் ரிக்கில் கம்ப்ரஸர் மீட்டரைப் பார்த்தே சோறு தின்றவனுக்கு, முள் இல்லாத வண்டியில் உட்கார்ந்தால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். இதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அப்படிக் கேட்காதவள் என் மனைவி ஒருத்திதான். நான் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் குழி போட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க அவள் வெண்ணந்தூரில் இருந்தாள். பண்டிகைக்கு வருவேன், வந்த களைப்பு தீருவதற்குள் கிளம்பிவிடுவேன். ரிக்கை விட்டு ஒரேயடியாக வீடு வந்து சேர்ந்ததும் இந்தக் காரை வாங்கினேன். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிப்போட்ட ஊர்களையெல்லாம் அவளுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று ஆசை. முதல் நாள் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தவள் கேட்டாள்.

“ஏனுங்க, இத்தன வருசமும் நீங்க இந்த முள்ளத்தான் பாத்துட்டு இருந்தீங்களா?”

“இத இல்ல. இதோட அண்ணன. அது இன்னும் பெருசு.”

அன்றிலிருந்து மீட்டர் அவள் பொறுப்பு. நான் ரோட்டைப் பார்ப்பேன், அவள் முள்ளைப் பார்ப்பாள். மேட்டில் மிதித்தால் “ஏறுதுங்க” என்பாள். முழு அழுத்தமான பதினெட்டைத் தொட்டதும் “தொட்டிருச்சுங்க” என்பாள். காலை எடுத்துவிட்டால் “எறங்கிருச்சு” என்று, ஏதோ நஷ்டம் வந்தவள் மாதிரி சொல்வாள். பெட்ரோல் பங்க்கில் யாராவது மீட்டரைப் பற்றிக் கேட்டால் எனக்கு முந்திக்கொண்டு அவளே பதில் சொல்வாள். கொல்லிமலை போனோம், இன்னும் நாலைந்து கோயில் போனோம். நினைத்ததில் பாதிகூட ஆகவில்லை. போன தை மாதம் ஒரு காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

காரை ஷெட்டில் போட்டுப் பூட்டினேன். சித்திரை பிறந்த பிறகுதான் வெளியே எடுக்க மனம் வந்தது. ஒரு நடுப்பகலில் சேலம் ரோட்டில் மிதித்துப் பார்த்தேன். பதினெட்டைத் தொட வேண்டிய முள் பதினாறிலேயே நின்றுவிட்டது. இன்னும் மிதித்தேன், அதே பதினாறு.

அப்படியே சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கவில்லை, பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. என் மீட்டரை விரலால் தட்டி, டர்போ தேய்ந்துவிட்டது, மாற்றுகிற செலவுக்கு வண்டியைத் தள்ளிவிடுவதுதான் புத்தி, வாங்க ஆள் இருக்கிறது என்றார். என் மீட்டரே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

ஆட்டையாம்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள் இதற்காகவே காத்திருந்தாள். அம்மா போனதிலிருந்து நான் தனியாக வண்டி எடுப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. “டர்போவும் போயிருச்சுன்னா அந்த வண்டிய வெச்சுட்டு என்னங்கப்பா பண்றீங்க? வித்துப் போடுங்க” என்றாள். டர்போ போனது நிசமென்றால் விற்றுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் சீட் ஞாபகம் வந்தது. இடது பக்கத்து சீட் இன்னும் என் மனைவி சாய்த்து வைத்த சாய்மானத்தில் இருக்கிறது. வாங்குகிறவன் முதல் வேலையாக அதை நிமிர்த்துவான். டர்போவைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அந்த சீட்டைக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆகவே மீட்டர் பொய் சொல்கிறதா, டர்போ செத்துவிட்டதா என்று நானே பார்த்துவிடத் தீர்மானித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கோணலாக, மீட்டர் பொய்யாக இருந்தே தீர வேண்டும் என்று ஆசைப்பட்ட ஆள் அந்த வாரம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எஞ்சினிலிருந்து மீட்டருக்கு வருகிற மெல்லிய ரப்பர் குழாயை முழு நீளத்துக்கும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கிளிப்புகளை மாற்றினேன், குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று கையால் நீவிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்கு. பிறகு குழாயை எஞ்சின் பக்கம் கழற்றி, டயருக்குக் காற்றடிக்கிற கால்பம்பில் சொருகினேன். அந்தப் பம்பிலும் ஒரு மீட்டர் உண்டு. காலையில், ஷெட் நிழலில், பம்ப் பதினெட்டு காட்டினால் என் மீட்டரும் பதினெட்டு காட்டியது. அப்படியென்றால் மீட்டர் யோக்கியன். டர்போதான் போய்விட்டது. காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வாங்குகிறவன் வந்து பார்ப்பதற்கு வண்டியைக் கழுவலாம் என்று வாசலுக்கு எடுத்தேன். கழுவி முடித்து அது வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். எஞ்சின் ஓடவில்லை. பம்ப் மாட்டவில்லை. ஆனால் முள் பூஜ்யத்தில் இல்லை, அதற்குக் கீழே படுத்திருந்தது. டர்போ தேய்ந்தால் ஓடுகிற வண்டியில்தான் முள் இறங்க வேண்டும். நிற்கிற வண்டியில் ஏன் இறங்குகிறது? பம்பை மறுபடி மாட்டினேன். பம்ப் பதினெட்டு, மீட்டர் பதினாறு. காலையில் யோக்கியன், மத்தியானத்தில் பொய்யன்.

பம்பைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டை நனைத்து, முள் மறையாமல் மீட்டரைச் சுற்றி வைத்தேன். சூடு ஆற ஆற முள் மெதுவாக மேலே ஏறியது. அப்போதுதான் பழைய தொழில் மூளை விழித்தது. இந்த மாதிரி மீட்டரின் கூட்டுக்குள் காற்று இருக்கும். அது வெயிலில் சூடாகி விரியும், வெளியே போக ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். துளை அடைத்துக்கொண்டால் உள்ளே விரிந்த காற்று முள்ளைக் கீழே அமுக்கும். ரிக்கில் சேறு போய் அடைத்துக்கொள்ளும், குச்சியால் குத்தி எடுப்போம். சேறே படாத காரில் எது போய் அடைத்தது? பின்பக்கம் தடவினேன், பக்கவாட்டில் தடவினேன். துளை இல்லை. மீதி இருந்தது தலை மட்டும்தான், அங்கே பொட்டு இருந்தது.

போன ஆயுத பூஜைக்கு அவள் வைத்த பொட்டு அது. அதற்குப் பிறகு மழையும் பனியும் ஷெட்டும்தான், சித்திரை வரை மீட்டரில் சுடுகிற வெயில் படவே இல்லை. அத்தனை வருஷமும் என் ஆயுத பூஜை ரிக் நின்ற காட்டில், அவளுடையது இங்கே. சேர்ந்து கும்பிட்டது அந்த ஒன்றுதான். அன்று காலையில் மிக்ஸி, தையல் மிஷின், மோட்டார் சுவிட்ச் என்று கையில் அகப்பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே ஷெட்டுக்கு வந்தாள். ரிக்கில் நாங்கள் சந்தனத்தைத் தண்ணீரில் குழைக்க மாட்டோம், அதிர்வில் உதிர்ந்துவிடும், விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் அடுத்த பூஜை வரை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொன்னேன். உடனே உள்ளே போய் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி மேல் வை என்றேன்.

“கண்ணாடில வெச்சா முள்ள மறைக்குமுங்க. அப்பறம் நான் எப்படிப் பாத்துச் சொல்றது?”

என்று சொல்லிவிட்டு மீட்டரின் தலையில் மோதிர விரலால் அழுத்தி வைத்தாள். சரியாகத் துளையின் மேல்.

துடைத்தால் ஒரு நொடி வேலை. துண்டும் கையில் ஈரமாகவே இருந்தது. குனிந்து பார்த்தேன். காய்ந்த சந்தனத்தில் அவள் விரல் ரேகை அப்படியே இருந்தது. படத்தில் இருக்கிறாள், பீரோவில் புடவை இருக்கிறது. ஆனால் அவள் விரல் அழுத்திய அழுத்தம் இந்த வீட்டில் வேறெங்கும் இல்லை. அவள் வேண்டும் என்று எனக்கு அந்த வெயிலில், அந்தச் சூட்டில், சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. துண்டைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டேன்.

உள்ளே போய் அவள் தையல் டப்பாவிலிருந்து இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்து வந்தேன். அதற்குள் முள் வெயிலில் மறுபடி கீழே படுத்திருந்தது. பொட்டின் நடுவில், ரேகை கலையாத ஓரிடமாகப் பார்த்து, மெல்லக் குத்தி இறக்கினேன். ஊசியை உருவியதும் ‘ஸ்ஸ்’ என்று மிகச் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. முள் துள்ளி எழுந்து பூஜ்யத்தில் நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று சிரிக்கக்கூடச் செய்தேன்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. இப்போது வெளியே போனது அந்த ஆயுத பூஜைக் காலையின் காற்று. ஷெட்டில் அவள் என் பக்கத்தில் நின்று, பேசி, மூச்சு விட்ட காற்று. இத்தனை மாதமும் அது என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. கட்டைவிரலால் துளையைப் பொத்தினேன். பொத்தி என்ன செய்ய?

பிறகு குழாயை எஞ்சினில் மாட்டிவிட்டு, அந்த உச்சி வெயிலிலேயே சேலம் ரோட்டுக்கு எடுத்துப் போய் மிதித்தேன். முள் ஏறிப் பதினெட்டைத் தொட்டது. டர்போவுக்கு ஒன்றுமில்லை. பக்கத்து சீட்டிலிருந்து குரல் வரும் என்று ஒரு நொடி காத்திருந்தேன். பிறகு நானே “தொட்டிருச்சு” என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்து, வண்டியை விற்கவில்லை, டர்போ நன்றாக இருக்கிறது என்றேன். அப்புறம் கோளாறு என்னங்கப்பா என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல சாமி. உள்ள கொஞ்சம் காத்து அடச்சுட்டு இருந்துச்சு” என்றேன். “எனக்குத் தெரியல. தொறந்து உட்டுட்டேன்.”