படம் பாக்கையில எங்க உக்காருவீக?

என் மனைவி ஜெசியிடம் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு. "அதான் தானாவே செட் பண்ணிக்கிற பட்டன் இருக்கே, அப்புறம் நீங்க எதுக்கு?" காரைக்குடியில் ஹோம் தியேட்டர் வாங்கியவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு தடவை கேட்டுத் தொலைத்தேன். அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு இல்லை.

விஷயம் இதுதான். ரிசீவர் என்பது வீட்டிலுள்ள எல்லா ஸ்பீக்கரையும் கட்டி மேய்க்கிற பெட்டி. எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எது எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். பெட்டியோடு ஒரு குட்டி மைக் வரும். அதை நட்டுவைத்துப் பட்டனைத் தட்டினால் பெட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஜெசி அந்த மைக்கை உறையிலிருந்து வெளியே எடுக்கவே மாட்டாள். "அதுக்குச் சுவத்தத் தெரியும், சன்னலத் தெரியும். வீட்டுல யாரு இருக்கான்னு தெரியுமா?" என்பாள். ஒரு ஸ்டூல், தூரம் அளக்க ஒரு டேப்பு, சத்தம் அளக்கிற சின்னக் கருவி, சொந்தக் காது இரண்டு. அவளுடைய சாமான் இவ்வளவுதான். ஸ்டூல் தூக்க நான். பெயர் மரிய ஜெரால்டு, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சனி, ஞாயிறு மட்டும் ஜெசியின் எடுபிடி.

அவள் இதைப் படித்து வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பங்குக் கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். குரல் சுமார்தான். நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை என்கிற தைரியத்தில் சொல்கிறேன். பாட்டை விட, சாமியாரின் பிரசங்கம் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிறதா என்பதில்தான் அவளுக்குக் கண். ஒரு நாள் யாரையும் கேட்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, இரண்டு ஸ்பீக்கர்களைத் திருப்பிவைத்தாள். அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களெல்லாம் விழித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை, சாமியாருக்குப் பிடித்துப்போனது. அப்புறம் ஒரு டிவிக் கடையில் பில் போடப் போனவள், பில்லை விட்டுவிட்டு ரிசீவரைப் பிடித்துக்கொண்டாள். நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டில், கண்ணாடியாய் வழவழக்கும் சுவரில் சத்தம் எகிறி எகிறி விழுந்தபோது, அந்த வீட்டு ஆச்சியிடமே பீரோவைத் திறக்கச் சொல்லிக் கம்பளங்களை எடுத்துத் தொங்கவிட்டவள் அவள். ஆச்சிகளிடம் பீரோ சாவி கேட்கிற துணிச்சல் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறாள். "படம் பாக்கையில எங்க உக்காருவீக?" அந்தக் கேள்வி வந்தது கண்டரமாணிக்கத்தில்.

அங்கே காளீஸ்வரி என்ற பெண். தாலுகா ஆபீஸில் வேலை. அப்பா காளிராஜ் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அப்பாவுக்காக அந்தப் பெண் ஹோம் தியேட்டர் வாங்கியிருந்தாள். நாங்கள் போன அன்றைக்கு அப்பா வீட்டில் இல்லை. அம்மா மாரீஸ்வரி, சோபா மேல் விரித்திருந்த போர்வையை உருவி, எங்களை உட்காரவைத்து, மோர் கொடுத்தார். ஜெசி சோபாவின் நடுவில் உட்கார்ந்து, தன் தலை இருந்த இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப்பைப் பிடிக்கவைத்தாள். தூரத்தைப் பெட்டியில் ஏற்றினாள். ஒவ்வொன்றிலும் சோவென்று மழை போல ஒரு இரைச்சலை ஓடவிட்டு, கருவியில் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை கூட்டிக் குறைத்தாள். "ராசா மாதிரி உக்காந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அடுத்த வாரமே காளீஸ்வரி போன் செய்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீக. பாட்டு நல்லாருக்கு. பேசுறதுதான் வெளங்க மாட்டேங்குது."

ஜெசிக்கு மூக்குக்கு மேல் கோபம். வழி நெடுக ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்தே திட்டிக்கொண்டு வந்தாள். "நான் வச்சதுல கொறையாம்ல. பட்டனைப் போட்டு அமுக்கியிருப்பாக, வேறென்ன."

வாசலிலேயே காளீஸ்வரி எங்களை மறித்தாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்குச் சத்தம் பெருசில்ல" என்றாள். "அப்பா ரிட்டயர் ஆனதுலருந்து எங்களோட உக்காந்து எதையும் பாக்குறதில்ல. டிவியப் போட்டா எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிருது. நாங்க படுத்த பொறகு வருது. இதை வாங்குனா உக்காரும்னு நெனச்சேன். ரெண்டு நாள் உக்காந்துச்சு. இப்ப 'எனக்கு எதுக்குத்தா, வித்துரு'ங்குது. இன்னைக்கு நீங்க வாரீகன்னுதான் பிடிச்சு வச்சிருக்கேன்." சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. ஜெசியின் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. எனக்கு அவளைத் தெரியும், இறங்கியதைக் காட்டிக்கொள்ளத்தான் மாட்டாள்.

உள்ளே மாரீஸ்வரி மறுபடி போர்வையை உருவினார். மறுபடி சோபா, மறுபடி மோர். காளிராஜ் நல்ல உயரம், நல்ல மீசை. நின்றபடியே கும்பிட்டார். ஜெசி, "ஏதாச்சும் போடுங்க. நாங்க வரலைன்னு நெனச்சுக்கிட்டு எப்பயும் பாக்குற மாதிரிப் பாருங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மாரீஸ்வரி தரையில் உட்கார்ந்தார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கோடையிலும் குளுகுளுவென்று இருக்கும். காளீஸ்வரி அம்மா பக்கத்தில் காலை நீட்டினாள். காளிராஜ் இடது பக்கக் கதவோரம் போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சோபாவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கொலு பொம்மை போல இருந்தோம்.

ஜெசி என்னைப் பார்த்தாள். நான் சோபாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு சோபா இருக்கிறது. அதன் மேலும் போர்வை இருக்கிறது. விருந்தாள் வந்தால் உருவுவோம். நாங்கள் பாயில் படுத்துத்தான் படம் பார்ப்போம். இந்தப் பக்கத்தில் முக்கால்வாசி வீடு அப்படித்தான். அது தெரிந்தும் ஜெசி விருந்தாளுக்கு அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எழுந்து போய்த் தரையில், காளிராஜுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். டிவியில் ஏதோ நகைச்சுவைக் காட்சி. தாயும் மகளும் சிரித்தார்கள். வலது காதை டிவி பக்கம் திருப்பி வைத்திருந்த காளிராஜ், அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி கழித்துச் சிரித்தார். அடுத்த தடவையும் அப்படியே. எனக்கு அது என்னவென்று பிடிபடவில்லை, ஜெசிக்குப் பிடிபட்டுவிட்டது.

"நிறுத்துத்தா" என்றாள். "தப்பு என்னுது. சோபாவுக்கு அளந்துட்டேன். சரி பண்ணப்போறதும் நான்தான்." பிறகு காளிராஜ் பக்கம் திரும்பினாள். "அண்ணே, வலது காதுலதான கேக்குறீக?"

மாரீஸ்வரி மோர்ச் செம்பை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். அத்தனை நாளும் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த, யாருமே வாய் திறந்து சொல்லாத விஷயம் அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காளிராஜின் முகம் இறுகியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். காளீஸ்வரி "அப்பா" என்றாள். அவர் செருப்பைத் தேடினார்.

நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு ஸ்கூட்டரைக் கிளப்பியிருப்பேன். ஜெசி உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. "காதைச் சரி பண்ண எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள். "ஸ்பீக்கரச் சரி பண்ணத் தெரியும். நீங்க எந்திரிச்சுப் போயிட்டீகன்னா நான் யாருக்கு அளக்குறது?"

காளிராஜ் வாசற்படியில் நின்றார். மாரீஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காளிராஜ் திரும்பி வந்து அதே சுவரில் சாய்ந்தார். "வண்டியில இஞ்சின் இடப்பக்கந்தான் தாயி இருக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல். "சர்வீசு பூரா அந்தக் காதுக்குப் பக்கத்துலயே கெடந்து கத்துச்சு. கூட ஓட்டுனவங்கள்ல பாதிப் பேருக்கு இப்படித்தான்."

"அப்ப இது வேலைக்குக் குடுத்த காது. வெக்கப்பட என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு ஜெசி டேப்பை என்னிடம் எறிந்தாள்.

அவர் தலை சுவரைத் தொட்ட இடத்திலிருந்து எல்லாத் தூரத்தையும் புதிதாக அளந்தோம். இடது ஸ்பீக்கர் அவர் முகத்துக்கு நேரே, பக்கத்திலேயே இருந்தது. ஆட்கள் பேசுவது வருகிற நடு ஸ்பீக்கரோ தள்ளி டிவிக்குக் கீழே, சோபா உயரத்தைப் பார்த்து இருந்தது. பாட்டும் மேளமும் முந்திக்கொண்டு வந்து பேச்சை அமுக்கிவிட்டன. பக்கத்தில் இருப்பது கொஞ்சம் பொறுத்துப் பேச வேண்டும், தள்ளி இருப்பதும் அதே நொடியில் அவர் காதுக்கு வந்து சேர வேண்டும். தூரத்தைச் சரியாகப் போட்டால் அதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். நடு ஸ்பீக்கரின் பின்பக்கத்தை உயர்த்த ரப்பர் கேட்டாள். மாரீஸ்வரி பழைய செருப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அத்தனை விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர், அறுத்த செருப்பின் மேல் குனிந்து, தரையையும் கதவோரத்தையும் பார்த்து நின்றது.

கருவியைப் பைக்குள் போட்டுவிட்டாள். "இனி நீங்கதாண்ணே முள்ளு. பத்தலைன்னா சொல்லுங்க, கூடுனாலும் சொல்லுங்க." சோவென்ற இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிட்டாள். முதலில் தயங்கியவர், போகப்போகக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். லாரிக்கு ரிவர்ஸ் பார்க்கிற மாதிரி இருந்தது. "இங்குட்டுக் கொறைங்க. அங்குட்டு ஏத்துங்க, இன்னும், இன்னும், ஆங், போதும்." நடு ஸ்பீக்கர் நன்றாக ஏறியது. இடது இறங்கியது. கடைசியாக, மூலையில் தரையே அதிர உறுமிக்கொண்டிருந்த சப்வூஃபரை ஜெசி பாதிக்கும் கீழே கொண்டுவந்தாள்.

காளீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அது இடி மாதிரி இருந்துச்சே. நடுவுல இருக்கிற எங்களுக்கு இப்ப சப்புன்னு இருக்கும்ல?"

"இருக்கும்" என்றாள் ஜெசி. "ஒனக்கு இடி வேணுமா, அப்பா வேணுமா?"

அந்தப் பெண் ரிமோட்டை எடுத்து டிவியின் பக்கம் நீட்டினாள்.

வேறொரு சேனல், வேறொரு நகைச்சுவை. தாயும் மகளும் டிவியைப் பார்க்கவில்லை. கதவோரத்தில் இருந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். ஜெசி மட்டும் தலையைக் குனிந்து டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு மெதுவாக எதையும் சுற்றி நான் பார்த்ததில்லை.

திடீரென்று காளிராஜ் சிரித்தார். மீசை துடிக்க, தொடையில் தட்டி, வீடு நிறையச் சிரித்தார். சிரித்துவிட்டு, வழக்கம் போல மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். அவர்கள் சிரிக்கவில்லை.

"என்ன, ஒங்க ரெண்டு பேருக்கும் கேக்கலையா?" என்றார்.

மாரீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டுச்சு, கேட்டுச்சு. நீங்க பாருங்க."