எதிர்ப்பக்கத்துக் கையுறை

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். நான் கதை கட்டவில்லை. எனக்கு நடந்தது இது.

முனைவர் பட்டத்துக்காகப் புதுவகை பேட்டரிக்கு ஒரு மெல்லிய தகடு செய்துகொண்டிருந்தேன். காற்றுப் பட்டாலே கறுத்துப்போகும் ஜாதி. அதனால் வேலையெல்லாம் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான். பெட்டியோடு பொருத்திய நீளமான ரப்பர் கையுறைக்குள் கையை விட்டுச் செய்ய வேண்டும். உள்ளே அழுத்தம் அதிகம். அதனால் யாரும் கை விடாதபோது கையுறைகள் உப்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். யாரோ கை கொடுக்க வருவதுபோல இருக்கும், எனக்குச் சிரிப்பு வரும்.

ஏற்கெனவே நாலு தகடு நொறுங்கிவிட்டது. இதுவும் போனால் படிப்பு அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்று விடுமுறை. மதியம் மூன்றேகால். துணையில்லாமல் அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது என்பது விதி. அவசரம்... நான் தனியாகப் போனேன்.

பெட்டியின் எதிர்ப்பக்கத்திலும் கையுறைகள் உண்டு. ஆனால் அந்தப் பக்கம் சுவர். நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஆள் நிற்க வழியே இல்லை.

தகட்டை இடுக்கியால் தூக்கினேன். அப்போதுதான் பார்த்தேன்.

எதிர்ப்பக்கத்துக் கையுறை ஒன்று வெளியே உப்பியிருக்கவில்லை. உள்ளே நீண்டிருந்தது. அப்படியானால் அதற்குள் ஒரு கை இருக்க வேண்டும்.

"யாரு?"

புஸ்ஸ்... வாயுச் சத்தம் மட்டும்.

வெடுக்கென்று கையைப் பின்னுக்கு இழுத்தேன். தகடு நழுவியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

உடையும் சத்தம் வரவில்லை.

திறந்தேன். அந்தக் கையுறை தகட்டைத் தாங்கியிருந்தது.

மெதுவாக... என்னிடம் நீட்டியது.

வாங்கினேன்.

தகட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து மூடும்வரைதான் தைரியம் இருந்தது. பிறகு ஒரே ஓட்டம்.

மறுநாள் என் பேராசிரியர் டப்பாவின் கண்ணாடி மூடி வழியாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"வெறும் கையால தொட்டியா?"

"இல்ல சார். தொட்டிருந்தா கறுத்திருக்குமே."

தகடு பளபளவென்றுதான் இருந்தது. நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு முன்னாடி அந்தப் பெட்டியில வேலை பார்த்த பையன்... அவன் விரல்ல இப்படி ஒரு வெட்டு உண்டு. லீவு நாள்ல தனியா வந்தான். ஆர்கான் கசிஞ்சு, அறையில மூச்சு விடக் காத்தே இல்லாம ஆகியிருக்கு. அதுக்கு வாசனையே கிடையாதுல்ல? சத்தமில்லாம போயிட்டான்."

மூடி வழியாகவே எடுத்த அளவீடுகளை வைத்து எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அந்த டப்பாவை நான் இதுவரை திறக்கவில்லை, யாரையும் திறக்க விட்டதும் இல்லை.

போன வாரம் மனசு கேட்காமல் மறுபடி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

இப்போது இரண்டு ரேகைகள் இருக்கின்றன.

இரண்டாவது யாருடையது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். என்னுடையது.