அழுங்கு சுருண்ட நாள்

அந்த ஜப்பானிய இராட்சத அழுங்கைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும், நான் நிறுத்தமாட்டேன். உடம்பெல்லாம் செதில். வாலால் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு ரயில் நிலையமே காலி. கறுப்பு வெள்ளையில் வந்த முதல் படத்தில் அது வில்லன், நகரத்தை மிதித்துத் துவைத்தது. ஆனால் தியேட்டருக்கு வந்த பிள்ளைகள் அதற்குத்தான் கைதட்டினார்களாம். படக்கொம்பனி விடுமா? இரண்டாவது படத்தில் அது பாதி நல்லது, மூன்றாவதில் முழு நல்லது. குண்டு விழும்போது பிள்ளைகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பந்தாகச் சுருளும். பிறகு காசு குறையக் குறையப் பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டினார்கள். உள்ளே ஆள் நிற்கும் ரப்பர் உடுப்பின் முதுகில் ஸிப் கூடத் தெரியும். எனக்கு அது குறையாகவே படவில்லை.

ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்கத்தான் ஆளில்லை. அப்பா சுவிஸின் பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் ஊசிமுனைச் சக்கரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, கண் எரிகிறது என்று படுத்துவிடுவார். அம்மாவுக்கு அது வெறும் எறும்புதின்னி. மிஞ்சியது சித்தப்பா, அப்பாவின் தம்பி. முந்தின வருட இலையுதிர்காலத்தில்தான் வன்னியிலிருந்து தனியாக வந்து சேர்ந்திருந்தார். அகதி விசாரணை முடிந்து பதிலுக்குக் காத்திருந்ததால் வீட்டில் நேரம் உள்ள ஒரே ஆள் அவர்தான். அது எனக்கு அடித்த அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

ஜெர்மன் மொழியில் ஓடும் அழுங்குப் படத்துக்கு நான் தமிழில் ஓட்டமாக விளக்கம் சொல்ல, சித்தப்பா கம்பளத்தில் சப்பாணி கட்டி இருந்து பார்ப்பார். ஒரேயொரு கேள்விதான் கேட்பார்.

"உள்ளுக்கை நிக்கிற ஆளுக்குக் காத்து வருமோ, குஞ்சு?"

"வராது சித்தப்பா. மயங்கியெல்லாம் விழுந்திருக்கினம்!" என்பேன் பெருமையாக.

பாஸ்னாக்ட் வந்தது. பெப்ரவரிக் குளிரில் ஊரே வேஷம் கட்டித் தெருவில் இறங்கும் திருவிழா. வகுப்பில் எல்லாம் இளவரசிகளும் கடற்கொள்ளைக்காரரும். எனக்கு அழுங்குதான் வேண்டும். ஆனால் அழுங்கு உயரமாக இருக்கவேண்டுமே. அப்போ உள்ளே சித்தப்பா, வெளியே நான் டைரக்டர். சொன்னதும் சித்தப்பாவின் முகம் மாறியது. "எனக்கு மூடி அடைச்சால் ஒத்துவராது, குஞ்சு. வேறை என்னவும் சொல்லு, செய்யிறன்," என்றார். நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தால் வர, அகதி முகாமில் கொடுத்த சாம்பல்நிற நுரைப்பாயைக் கத்தரிக்கோலால் செதில் செதிலாக வெட்டிக்கொண்டிருந்தார். வென்றுவிட்டேன் என்று துள்ளினேன்.

ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக்காரர் காது கிழிய ஊத, நான் கயிற்றைப் பிடித்து அழுங்கை நடத்திப் போனேன். பக்கத்தில் கீழ்வீட்டுச் சுவிஸ் பொடியன், நாலு வயது, சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட வண்டு வேஷத்தில். பின்னால் வந்த வண்டியில் கடதாசித்துகள் சிதறுகிற பீரங்கி ஒன்று இருந்தது. அது வெடித்தது.

சித்தப்பா விழுந்தார். விழும்போதே வண்டுப் பொடியனை இழுத்து வயிற்றோடு அணைத்துச் சுருண்டார். இரண்டாம் வெடிக்கு இன்னும் இறுகினார். மூன்றாவது படத்தில் வந்த அதே காட்சி, ஒரு அசைவு பிசகவில்லை! சனம் கைதட்டியது. பொடியனின் தாய் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தாள். நான் கையை விரித்துச் சனத்துக்குக் குனிந்து வணக்கம் வைத்தேன்.

வெடி நின்றும் அவர் எழும்பவில்லை. "காணும் சித்தப்பா, எழும்புங்கோ!" என்று செதிலில் தட்டினேன். கனநேரம் கழித்துக் கை தளர்ந்தது. பொடியன் வெளியே வந்து "நொக்மால்! நொக்மால்!" என்று இன்னொருமுறை கேட்டுக் குதித்தான். தலையைக் கழற்றினால் சித்தப்பாவின் முகமெல்லாம் ஈரம். வியர்வை என்று எனக்குத் தெரியும். உள்ளே காற்று வராதே.

அடுத்த ஞாயிறு அப்பாவோடு வேலை செய்யும் மாமா குடும்பமாகச் சாப்பிட வந்தார். நான் விட்ட புளுகில், "எங்கை, அந்த அழுங்கை ஒருக்காக் காட்டு பாப்பம்," என்றார் மாமா. பாண் வந்த கடதாசிப் பையை ஊதிக்கொண்டு போய், சமையலறை வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒரே அடி.

தட்டு ஒருபக்கம், கோப்பைகள் ஒருபக்கம். சித்தப்பா நிலத்தில். உடுப்பில்லை, செதிலில்லை. கைகள் மட்டும் ஒரு சின்னப் பிள்ளை அளவு இடத்தை இறுக்கி வளைத்திருந்தன. ஒருவரும் கைதட்டவில்லை. அப்பா வாழ்க்கையில் முதல்முறையாக என்னை அடித்தார்.

"நல்லாத்தானே செய்தவர்!" என்று நான் குழறினேன்.

சித்தப்பா மெல்ல எழும்பி உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். "அடிக்காதையுங்கோ அண்ணை. பிள்ளைக்கு அது படம்தானே," என்றார்.

கொஞ்ச நாளில் அவருக்கு விசா கிடைத்தது. பீலிலேயே வேலை இருக்க, தூரத்து மலையூரான டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவப் போனார். அழுங்கு உடுப்பை விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்குக் கோபம். ஸ்டேஷனுக்குப் போகவில்லை, நாலாவது படத்தைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பிறகு அவர் தொலைபேசியில் "குஞ்சு நிக்குதோ?" என்று கேட்கும்போதெல்லாம், இல்லை என்று சொல்லச் சொல்லி அம்மாவுக்குக் கைகாட்டினேன். ஒரு கட்டத்தில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

இப்போது பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கிறேன். அந்தப் படங்களின் வரலாற்றைக் கிண்டப் போய், ரப்பர் உடுப்புக்குள் நின்ற மனிதரின் பழைய பேட்டி ஒன்று அகப்பட்டது. சுருளுவது கதையில் எழுதியே இருக்கவில்லையாம். வெடிமருந்து கிட்டவாக வெடிக்க, அந்த ஆள் பயத்தில் சுருண்டிருக்கிறார். டைரக்டருக்கு அது பிடித்துப்போயிற்று. வாசித்த கையோடு டாவோஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தது. ஆனால் வாயைத் திறந்ததும் படக்கதைதான் ஓடியது.

சித்தப்பா வழக்கம்போல முழுதும் கேட்டார். "அந்தாள் பிறகும் நடிச்சவரோ?"

"ஓம். இன்னும் ஏழு படம்."

"பாவம்," என்றார். பிறகு சாப்பிட்டேனா என்று கேட்டார்.

சமையலறை வாசலில் அவருடைய கைகளுக்குள் இருந்தது யார் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. ஒன்பது வயதில் நான் குனிந்து பார்த்தேன்தான். அங்கே ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்தேன்.