இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"இந்தக் கையால லட்சம் பக்கம் அடிச்சிருக்கேன். அதுல ஒரு கமாகூட என்னோடது இல்ல."

இது தட்டச்சு அக்காவின் முழக்கம். மருந்துக்கடைக்கு மேலே இருந்த அவருடைய அறைக்குச் செங்குத்தான படியேறி, மூச்சு வாங்க வருகிறவர்களுக்கு முதலில் இது கிடைக்கும், நாற்காலி அப்புறம்தான். ஒருவர் விவாகரத்து மனுவை 'அன்புள்ள' என்று தொடங்கியிருந்தார். அக்கா அதையும் அப்படியே அடித்துக் கொடுத்தார். திருத்துவது அவருடைய மதத்தில் இல்லை.

மதம் என்றதும் ராக்கெட் சாரைச் சொல்லியாக வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்ளும் உத்தியோகம் அவருக்கு. பகலெல்லாம் தண்ணீர் வராத தெருக்களைக் குறித்துக்கொண்டு, மாலையில் தண்ணீரே இல்லாத கிரகங்களைப் படைப்பார். விஞ்ஞான நாவல்கள். அத்தனையும் அக்காவின் கை வழியாகத்தான் அச்சுக்குப் போயின.

ஒரு சாயங்காலம் மின்விசிறி அவருடைய கையெழுத்துப் பிரதியின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டது. தெருவில் ஒரு லாரி மிச்ச வேலையை முடித்தது. ராக்கெட் சார் வெளியூரில். பதிப்பகத்து ஆள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வீட்டில், பள்ளிக்கூடம் விட்டு வந்த தங்கை பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருப்பாள். அம்மா அப்பா போனபின் அக்காவுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

கப்பல் தலைவன் சொந்தக் கிரகத்தை விட்டுக் கிளம்புகிற கட்டம் அது. ராக்கெட் சார் வழியனுப்பல் எழுதினால் அரை நாள் ஆகும். அக்காவுக்கு அவ்வளவு நேரமில்லை. தாமே அடித்தார்: 'அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பவன் எங்கேயும் இல்லாமல் போகிறான்.' மீதிப் பக்கத்தை ராக்கெட் புகையால் நிரப்பிவிட்டு ஓடினார்.

புத்தகம் வந்ததும் ராக்கெட் சார் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார். "இந்த இடம் எப்படி விழுந்திருக்கு பாத்தீங்களா? எழுதும்போது எனக்கே தெரியலம்மா."

"நீங்க எழுதினதுதானே சார்" என்றார் அக்கா, ரிப்பனை மாற்றிக்கொண்டே.

இருபது வருடம் கழித்து ராக்கெட் சார் காலமானார். முதல் நினைவு நாளில் வாசகர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டாவதில் கூடி மௌனமாக இருந்தார்கள். மூன்றாவதில் காணிக்கைப் பெட்டி வைத்தார்கள், மதம் பிறந்துவிட்டது. பெயர், புறப்பட்டோர் சபை. எங்கோ தூரத்து ஊரில் கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கு ஒன்று ஏவுதளம் ஆயிற்று. அதன் சுவரில் ஆள் உயர எழுத்தில் ஒரே ஒரு வாக்கு: திரும்பிப் பார்ப்பவன் எங்கேயும் இல்லாமல் போகிறான்.

வாக்குக்கு விளக்கக் குழு ஒன்று அமைந்தது. கடிதம் போடுவது திரும்பிப் பார்ப்பது. போன் பேசுவதும் அதுவே. ஸ்கூட்டர்களின் பக்கக் கண்ணாடிகள் கழற்றப்பட்டன. மூன்று பேருக்குக் கால் முறிந்தது. அதுவும் ஆன்மிக முன்னேற்றத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

அக்கா இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார், நாற்பது வயதுத் தங்கை ஒருநாள் அந்தச் சபைக்கே பெட்டி கட்டும்வரை.

"அடியே, அந்த வரி நான் எழுதினதுடி."

"எந்த வரி?"

"சுவத்துல எழுதி வச்சிருக்கீங்களே, அதுதான். பேப்பர் பறந்துபோச்சு. நானே அடிச்சுக் குடுத்துட்டேன்."

தங்கை சிரித்தாள். "நீயா? கடைக்கு லிஸ்ட் எழுதச் சொன்னா போன மாச லிஸ்டைப் பாத்து எழுதுற ஆளு. நீ ஒரு கிரகத்துக்கே சட்டம் போட்டியாக்கும்!"

"சத்தியமா சொல்றேன். நீ வாசல்ல தனியா உக்காந்திருப்பியேன்னுதான் அவசரமா முடிச்சேன்."

"இப்பதான் கதை கட்டவே ஆரம்பிச்சிருக்க. நான் போறது பிடிக்கலைன்னா நேரா சொல்லுக்கா. அதுக்காக அவர் வாக்கைப் போய்த் திருடாத. ஒரு கமாகூட என்னோடது இல்லைன்னு போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொன்னது யாரு?"

தம்முடைய நற்பெயர் இத்தனை பலமாகக் கட்டப்பட்டிருக்கும் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை.

தெருமுனையில் சபையின் வேன் நின்றது. "பாப்பா!" என்று அக்கா கூப்பிட்டார். தங்கையின் தோள் லேசாக அசைந்தது போலிருந்தது. பையைக் கை மாற்றியிருக்கலாம். வேன் கதவு மூடிக்கொண்டது.

பதினோரு மாதம். கடிதம் இல்லை, போன் இல்லை. வாக்கை அவ்வளவு சுருக்கென்று எழுதாமல், ராக்கெட் சார் மாதிரி அழ வைத்து அனுப்பியிருக்கலாமே என்று அக்கா தினமும் நினைத்தார். கூடிப்போனால் ஒரு மணி நேரம் பிந்தியிருக்கும். குழந்தை கொஞ்சம் அழுதிருக்கும்.

பிறகு ஒருநாள் சபையின் செயலாளர் படியேறி வந்தார். அக்கா முழக்கத்துக்கு வாயெடுத்தார். இருமிவிட்டு, நேராக நாற்காலியைக் காட்டினார்.

"புதுப் பதிப்பு போடறோம்மா. பழசுல அச்சுப்பிழை ஏகப்பட்டது. எல்லாப் பிரதியையும் திருப்பி வாங்கிட்டோம். இனிமே புதுசுல என்ன இருக்கோ அதுதான் வாக்குன்னு தீர்மானமே போட்டாச்சு. நீங்கதான் அடிச்சுத் தரணும்."

"கம்ப்யூட்டர்ல அடிக்கலாமே தம்பி?"

"அவர் கதையில கம்ப்யூட்டர்தாம்மா வில்லன்! உங்க கைதான் எங்களுக்கு நம்பிக்கை. ஒரு கமாகூடச் சேர்க்காத கை."

அக்கா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "அங்க இருக்கிறவங்க எல்லாம் இதைப் படிக்கிறாங்களா?"

"தினம் காலையில ஒரு பக்கம், சத்தமா, எல்லாரும் சேர்ந்து. அதுல என்ன சொல்லியிருக்கோ அப்படியே நடப்பாங்க."

"சௌக்கியமா இருக்காங்களா?"

"யாரைம்மா கேக்குறீங்க?"

"பொதுவா கேட்டேன்."

நாளுக்குப் பதினைந்து பக்கம் வீதம் அடித்தார். எழுத்துக்கு எழுத்து அப்படியே, அச்சுப்பிழைகளைக்கூடத் தொடவில்லை. பதினைந்தாம் நாள் காலை அந்தப் பக்கம் வந்தது. ஜன்னலைச் சாத்தினார், விசிறியை நிறுத்தினார். வாக்கை உள்ளபடியே அடித்தார். புகை தொடங்குவதற்கு முன்னால் கை நின்றது. முன்னூறு பக்கக் கதையில் கப்பல் தலைவனுக்குக் கூடப்பிறந்தவள் என்று ஒருத்தி எங்குமே கிடையாது.

'அக்கா கூப்பிட்டால், திரும்பலாம்' என்று அடித்தார்.

தாளை உருவிக் கார்பனைப் பிரித்தார். அடுக்கில் கவிழ்த்து வைத்துவிட்டு, இருநூற்றுப் பதின்மூன்றுக்குப் புதுத் தாளைச் செருகினார்.