ஏழாவது பிளாஸ்க்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்க் இருக்கிறது. எவர்சில்வர் உடம்பு, தங்க நிறப் பூச்சுக் கொடுத்த கைப்பிடி. பூச்சு இப்போது திட்டுத்திட்டாக உதிர்ந்துவிட்டது. தூசி தட்டும்போதெல்லாம் மருமகள் அதை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். "உள்ள என்னமோ கடகடங்குது அத்தை. கண்ணாடி ஒடஞ்சிருக்கும். பழைய இரும்புக்காரன்கிட்ட போட்ருவமா?" என்பாள். நான் அதை வாங்கித் திரும்பவும் அதே இடத்தில் வைத்துவிட்டு, மூடி சரியாகத் திருகியிருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பேன். அதற்குள் கிடப்பது கண்ணாடி இல்லை.

எதையும் இரண்டு தடவை தொட்டுப் பார்க்கிற குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதே அதனால்தான். ஓடையைத் தாண்டிப் போகவேண்டும். நான் அந்தப் பக்கம் இருக்கும்போது தண்ணீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தினமும் அழுது, கடைசியில் "சரி, வீட்லயே கெட" என்று விட்டுவிட்டார்கள். ஓடைக்குப் பயந்தவள் கடலைத் தாண்டி சார்ஜாவுக்கு வீட்டுவேலைக்குப் போனேன் என்றால், வேறு போக்கில்லாமல்தான். அந்த அரபி வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எஜமானியை 'மாமா' என்றும் எஜமானரை 'பாபா' என்றும் கூப்பிடவேண்டும். ஒரு பொம்பளையை மாமா என்று கூப்பிட எனக்கு வாய் வரவே வெகுநாள் ஆனது. இங்கே வீட்டம்மா என்றே எழுதிவிடுகிறேன்.

சமையல்கட்டு அக்காவுடையது. அவள் இலங்கைக்காரி, திருகோணமலைப் பக்கம். எனக்குச் சில வருடம் முன்பே அங்கே வந்தவள். உயரமான உடம்பு, எதற்கும் அவசரப்படாத நடை. சிரித்தால் மட்டும் நடுக்கூடத்தில் இருக்கிற பாபா வரைக்கும் கேட்கும். தோளும் வயிறும் குலுங்க, கையில் இருக்கிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிப்பாள். பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான். படுக்கப் போகுமுன் நான் அடுப்பின் கேஸை மூடியிருக்கிறதா என்று பார்க்கப் போவேன். பார்த்துவிட்டு வந்து படுத்தவள் மறுபடியும் எழுந்து போவேன். "பிள்ளை, நான் பூட்டினதை நீ பாத்தாய், நீ பாத்ததை நான் பாத்தன். இனி அந்த அடுப்பு பயத்திலயே எரியாது, வந்து படு" என்பாள். எங்கள் இருவர் தமிழும் வேறு வேறுதான். அவள் 'கதைக்கிற'தில் பாதி எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் நான் மனசாரப் பேசிய பாஷை அது ஒன்றுதான்.

அவள் ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிய காலத்தில் அவளுடைய அம்மா இறந்துபோனார். செய்தி போனில் வந்தபோது அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு மிச்ச மீனையும் கழுவினாள். அன்றைய சமையலில் உப்புக்கூடக் கூடவில்லை, குறையவில்லை. பாபா டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றார். ஆனால் போனால் ஊர் போய்ச்சேர முடியுமா என்பது ஒன்று, சேர்ந்தால் திரும்பி வெளியே வர முடியுமா என்பது இன்னொன்று. அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகள் கொழும்பில் சின்னம்மா வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள், அவளுடைய சம்பளத்தில். போகவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கவலை குறைந்திருக்கும். சிரிப்பும் அன்றோடு நின்றுபோனது. நான் வேண்டுமென்றே கேஸை மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். கண்டுகொள்ளவே மாட்டாள். தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, மீனைத் தொட்டுச் சமைப்பாள், வாயில் வைப்பதில்லை. இவளுக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறது என்று நான் அவள் தூங்கும்போது மூச்சைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னாள். "எங்கட ஊரில ஆரும் செத்தா, முப்பத்தொண்டாம் நாள் கன்னியாவுக்குப் போவம். அங்க ஏழு கிணறு, ஏழும் சுடுதண்ணி. ஒண்டுக்கு ஒண்டு சூடு வேற. கடமையைச் செய்து, ஏழிலயும் அள்ளித் தலையில ஊத்தினாத்தான் துடக்குத் தீட்டெல்லாம் போகும். போன சனமும் நிம்மதியாப் போகும். அம்மா எப்பவும் சொல்லுவா, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம், கன்னியாவில செய்து விடுங்கோ எண்டு. இப்ப றோட்டெல்லாம் பூட்டு. ஒருத்தரும் போகேல்ல. அம்மா வாசலிலயே நிக்கிற மாதிரிக் கிடக்கு பிள்ளை." வெங்காயத்தைச் சாக்கு வைத்து நான்தான் அழுதேன்.

அந்தக் குளிர்காலத்தில் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமானது. ராசல் கைமா பக்கம் மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அங்கே வாடகை வீடுகள் கட்டி விட்டிருக்கிறார்கள், இரண்டு நாள் போய் இருப்போம் என்று குடும்பமே கிளம்பியது. நாங்களும் சாமான்களோடு வேனில் ஏறினோம். டிரைவர் பாய் நம்ம கீழக்கரைக்காரர். வழியெல்லாம் நான், இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினேனா, பால்கனிக் கதவைச் சாத்தினேனா என்று கேட்டுக்கொண்டே வந்ததில் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, உன் கவலைய ஏத்தவே தனியா ஒரு லாரி புடிச்சிருக்கணும்" என்றார். வழக்கமாக அக்கா சிரித்திருக்கவேண்டிய இடம். அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மணலும் மொட்டைப் பாறையுமாக வந்த வழி திடீரென்று இருண்டது. பேரீச்சங்காடு. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அத்தனை மரங்கள். கீழே வெயிலே விழவில்லை. அந்த நாட்டில் அப்படி ஒரு நிழலை நான் அதுவரை பார்த்ததில்லை. பாம்பு இருக்குமோ என்று காலை மேலே தூக்கிக்கொண்டேன்.

எங்களுக்குக் கொடுத்த வீட்டின் பின்கட்டில், மதில் சுவருக்குள் ஒரு சின்னக் குளம். ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக ஒரு மூலையில் வந்து விழும். மேலே ஆவி பறக்கும், தீக்குச்சி உரசியது போல ஒரு வாசம் வரும். சாமானை இறக்கி வைத்துவிட்டு அக்கா குனிந்து தண்ணீரில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்தபோது, அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு சூடுதான் இருக்கு. ஏழு வேணும்" என்றாள்.

"அக்கா, வேணாங்க்கா. இவங்க தண்ணியில நம்ம சடங்கெல்லாம் செஞ்சா மாமா சும்மா விடுவாங்களா? வேலய விட்டு அனுப்பிருவாங்க. போலீசு கீலீசுன்னு போயிட்டா? இவங்க சாமிக்கும் பதில் சொல்லணும், நம்ம சாமிக்கும் பதில் சொல்லணும்."

"ரெண்டு சாமிக்கும் நான் சொல்லுறன். நீ பிளாஸ்க்குகளைக் கொண்டு வா."

அந்த வீட்டார் வெளியே கிளம்பினால் கூடை நிறைய பிளாஸ்க் வரும். பால் டீக்கு ஒன்று, கறுப்பு டீக்கு ஒன்று, இஞ்சிப் பாலுக்கு, வெந்நீருக்கு, கஹ்வாவுக்கு. கஹ்வா என்பது அவர்கள் காப்பி. ஏலக்காயும் குங்குமப்பூவும் போட்டு வெளிர் மஞ்சளாக இருக்கும், சர்க்கரை கிடையாது. உடன் வந்திருந்த வீட்டம்மாவின் தங்கை கொண்டுவந்ததையும் சேர்த்தால் சரியாக ஏழு. எல்லாம் ஒரே மாதிரி, எவர்சில்வரும் தங்கப் பூச்சும்.

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்து அவற்றைக் கழுவுகிற சாக்கில் குளத்தடிக்குக் கொண்டுபோனேன். குழாய் வாயில் பிடித்து நிரப்பி, சிலதை இறுக்கி மூடி, சிலதைத் திறந்து, சிலதை நிழலில், சிலதை வெயிலில் என்று வைத்தேன். மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டுக்கு வரவேண்டும் என்பது அக்கா சொன்ன கணக்கு. நடுவில் சின்னக் குழந்தை அழுதது, ஓடினேன். திரும்பி வந்தேன். வீட்டம்மா கூப்பிடுவது போல இருந்தது, ஓடினேன். கூப்பிடவில்லை. அப்படியே ஓடி ஓடி வேலையை முடித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் பெரிய குளத்துக்குப் போனார்கள். பெண்களும் குழந்தைகளும் தூங்கினார்கள். அக்கா கட்டியிருந்த துணியோடு குளத்துப் படியில் உட்கார்ந்தாள். "எங்கட ஊர் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எனக்கு எங்கே தெரியும்? சூரியன் காலையில் மலைக்குப் பின்னாலிருந்து வந்ததை நினைத்து மலையைக் காட்டினேன். மலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு பிளாஸ்க் வாயிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்து, அதிகச் சூட்டிலிருந்து குறைந்த சூடு வரைக்கும் வரிசையாக எடுத்துக் கொடுத்தேன். ஒரு கண் அவள் மேல், ஒரு கண் கதவின் மேல்.

"முதலாம் கிணறு" என்று தலையில் ஊற்றினாள். "ரெண்டாம் கிணறு." தண்ணீர் முகத்தில் வழிந்தது. ஊற்ற ஊற்ற அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஐந்தாவதில் "அம்மா, போயிற்று வாங்கோ" என்றாள். ஆறாவதையும் சொல்லி ஊற்றினாள். ஏழாவதைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஏழாம் கிணறு" என்று தலையில் கவிழ்த்தாள்.

மஞ்சளாக வந்தது. குளத்தடி முழுக்க ஏலக்காய் மணத்தது.

டிரைவர் பாய்க்கென்று கொஞ்சம் கஹ்வாவை ஒரு பிளாஸ்க்கில் விட்டு வைத்திருந்தது அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. ஓடிய ஓட்டத்தில் ஆறை நிரப்பிவிட்டு ஏழு என்று நினைத்திருக்கிறேன். காப்பி அவள் தலையிலிருந்து நெற்றிக்கு வந்து, மூக்கு நுனியில் சொட்டியது. ஒரு துணுக்குக் குங்குமப்பூ புருவத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. செத்தவள் போகிற வழியையே கெடுத்துவிட்டேன், இனி இவள் முகத்தில் எப்படி முழிப்பது?

அக்கா கண்ணைத் திறந்தாள். உதட்டில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்க்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்க்கைப் படியில் வைத்தாள். அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மதில் அதிரச் சிரித்தாள். "அடி பாவி! அம்மாவுக்குக் கோப்பி எண்டா உயிர். கடைசி மூச்சு வரைக்கும் கோப்பி கோப்பி எண்டு கேட்டவவாம். உன்ர கையால வாங்கிக் குடிச்சிற்றல்லோ போறா!" சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. அத்தனை நாள் அழாததெல்லாம் வந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். என் சட்டையும் காப்பியானது.

அந்தச் சத்தத்துக்கு எழுந்துவராமல் இருப்பார்களா? கதவில் வீட்டம்மா நின்றார். எனக்கு உயிர் போய்விட்டது. அக்கா எழுந்து, தன் அடுப்படி அரபியில் சொன்னாள்: என் அம்மா செத்துப்போனாள், என் ஊரில் இதே மாதிரித் தண்ணீர் உண்டு, போக முடியவில்லை, அதனால் இங்கே. வீட்டம்மா வலிக்கிற காலை இழுத்து இழுத்துப் படிக்கு வந்து, ஏழாவது பிளாஸ்க்கை எடுத்து மோந்து பார்த்தார். "கஹ்வா?" என்றார். அக்காவின் தலையைப் பார்த்தார். நடந்ததை விளக்க எங்கள் இருவர் அரபியும் போதவில்லை. எங்கள் ஊரில் தாய் செத்தால் தலையில் காப்பி ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம் என்று அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

புதிதாகக் கஹ்வா போட்டு வரும்படி என்னிடம் சொன்னார். கொண்டுவந்தேன். பிளாஸ்க்கைத் தாமே வாங்கி, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, வலது கையால் அக்காவிடம் நீட்டினார். அந்த வீட்டில் கிண்ணம் எங்கள் கையிலிருந்து அவர்கள் கைக்குத்தான் போகும். எதிர்த்திசையில் வந்ததை அன்றுதான் பார்த்தேன். "அல்லா யர்ஹம்ஹா" என்றார். கடவுள் அவளுக்கு இரங்கட்டும் என்று அர்த்தம். துக்க வீட்டில் வருகிறவர்களுக்குக் கஹ்வா கொடுப்பது அவர்கள் வழக்கம் என்பது பிறகு பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று பேரும் குளத்தில் காலை விட்டுக்கொண்டு குடித்தோம். பிறகு வீட்டம்மா எழுந்து, "கலாஸ்" என்றார், முடிந்தது என்று அர்த்தம். எல்லா பிளாஸ்க்கையும் எலுமிச்சம்பழம் போட்டு இரண்டு தடவை கழுவச் சொல்லி வழக்கமான குரலில் அதட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் டிரைவர் பாய், "எனக்கு வச்ச கஹ்வா எங்கம்மா?" என்று கேட்டார். "அது எங்கட அம்மாவுக்குப் போயிற்று, பாய்" என்றாள் அக்கா. அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

எத்தனை கழுவியும் அந்த ஏழாவதிலிருந்து வாசம் போகவில்லை. காப்பி காலியான பிறகு பயத்தில் நான் அதிலும் ஊற்றுத் தண்ணீரை நிரப்பி ஊறவைத்திருந்தேன். ஏலக்காயும் தீக்குச்சியும் கலந்த வாசம். விருந்தாளிக்கு ஆகாது என்று வீட்டம்மா அதை அக்காவிடமே கொடுத்துவிட்டார். சண்டை முடிந்து, பாதை திறந்து, அக்கா ஒரேயடியாக ஊருக்குப் போனபோது அதை என் கையில் வைத்தாள். "இதை நீ வச்சிரு பிள்ளை. நான் உண்மையான கிணத்தடிக்குப் போறன்" என்றாள்.

நானும் பிறகு ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். ஒரு நாள் போன் வந்தது. "கன்னியாவுக்குப் போனன் பிள்ளை. ஐயரை வச்சு எல்லாம் முறையாச் செய்தம். ஏழு கிணத்திலயும் அள்ளி ஊத்தினன்."

"இப்ப நிம்மதியாக்கா?" என்றேன்.

"நிம்மதிதான்" என்றாள். "ஆனா ஏழாவதை ஊத்தேக்க, என்ன, வெறும் தண்ணியாக் கிடந்தது." பிறகு அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கடலைத் தாண்டி அந்தச் சிரிப்பு வந்தது.

போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் திறந்து மோந்து பார்த்தேன். எவர்சில்வர் வாசம் மட்டும்தான் இருந்தது. அடுப்படிக்குப் போய் இரண்டு ஏலக்காயை எடுத்து உள்ளே போட்டு மூடினேன். மருமகள் ஆட்டும்போது கடகடப்பது அதுதான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அது காய்ந்து தூளாகுமுன் மாற்றவேண்டுமே, நாம் மறந்துவிடுவோமோ என்பதுதான் எனக்கு இப்போதைய கவலை.