நான் தப்பாகச் சொன்ன ‘பெலும்’

எங்கள் சபை உபதேசியார் பொய் சொன்னார். தெரியாமல் சொல்லிவிட்டார் என்று யாரும் பரிந்து பேச வேண்டாம். முதல் ஞாயிறு தெரியாமல் சொன்னார். அந்தத் தப்பு என்னுடையது. அடுத்த ஞாயிறு தெரிந்தே சொன்னார்.

இது நடந்தது மலாக்கா காஜா பேராங்கில், மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திர நாளுக்கு, ஒரு மாதம் முன்னால். நான் தையல்காரி. ஒரு கடைவீட்டின் முன்பக்கத்தைப் பலகையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் நான் தைத்தேன், மறுபாதியில் ஒரு கிழவர் கடிகாரம் பழுது பார்த்தார். பாக்தாத்தில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த யூதர். மலாக்காவில் நான் பார்த்த ஒரே யூதர் அவர்தான். தமிழ் தெரியாது, எங்கள் பேச்செல்லாம் மலாயில். நான் கொடுக்கும் பாலில்லாத கோப்பி ஓவைக் குடிப்பார். அவர்கள் மத விதிப்படி சாப்பாட்டைத் தொடமாட்டார்.

“உன் குழம்பை மோந்து பார்த்ததுக்கே நான் ஒரு நாள் உபவாசம் இருக்கணும், தங்கச்சி” என்பார்.

உபதேசியார் அப்போது இந்தியாவிலிருந்து வந்து ஆறு மாதம். மலாய் தெரியாது. இங்கே ஒரு யூதர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் வேதப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். நடுவில் மொழிபெயர்க்க நான். மெர்டேக்கா ஊர்வலத்தில் போகும் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைகள் மெஷின்மேல் குவிந்து கிடந்தன. என் கவனம் பாதி அதில்தான்.

மேசியா பெத்லகேமில் பிறப்பார், அடிபடுவார், சாவார் என்று உங்கள் தீர்க்கதரிசிகளே எழுதிவைத்தார்களே, அத்தனையும் இயேசுவில் நிறைவேறிவிட்டதே என்றார் உபதேசியார். கிழவர் கோபப்படவில்லை. அடிபடுகிறவர் என்று எழுதியிருப்பது ஒரு மனிதரை இல்லை, எங்கள் சனத்தை என்றார். மேசியா வந்தால் சண்டை ஓயும், வாளை உருக்கி ஏர் செய்வார்கள் என்றார். அந்த நேரம் பட்டாள லாரி ஒன்று தெருவில் போனது.

“அதுல ஏரா ஏத்திட்டுப் போறாங்க? கேளு அவரை” என்றார் என்னிடம்.

முதல் வருகையில் பாவத்துக்குப் பலியானார், இரண்டாம் வருகையில் சமாதானம் கொண்டுவருவார் என்று உபதேசியார் பதில் சொன்னார்.

கிழவர் சிரித்தார். “அப்போ நீங்க மிச்சத்துக்குக் காத்திருக்கீங்க. நான் மொத்தத்துக்கும் காத்திருக்கேன்.”

கடைசியில் உபதேசியார், “மேசியாவை விசுவாசிக்கிறாரான்னு ஒரே வார்த்தையில கேளும்மா” என்றார். கேட்டேன். “பெர்ச்சாயா. தாப்பி பெலும்” என்றார் கிழவர். நம்புகிறேன், ஆனால் இன்னும் இல்லை. யார் இன்னும் இல்லை, எது இன்னும் இல்லை? மலாயில் அதைச் சொல்லத் தேவையில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் ஒருத்தி ரவிக்கைக்கு நின்றுகொண்டிருந்தாள். ஞானஸ்நானத்தைப் பற்றித்தான் பேச்சு என்று நானே நினைத்துக்கொண்டு, “விசுவாசிக்கிறாராம் ஐயா, ஆனா இன்னும் நேரம் வரலையாம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்தில் அறிவிப்பாக வந்தது. ஒரு யூதர் இயேசுவை மேசியாவாக விசுவாசித்தார், ஞானஸ்நானம்தான் பாக்கி. எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.

மறுநாள் சந்தோஷமாகப் போய் அவரிடமே சொன்னேன். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“பெலும்னு என்னையா சொன்னேன்? மேசியாவைச் சொன்னேன், தங்கச்சி. அவர் இன்னும் வரலை.”

ஓடிப்போய் உபதேசியாரிடம் என் தப்பைச் சொன்னேன். “நீ சொன்னதைத்தானேம்மா நான் சொன்னேன்” என்றார். பிறகு, “இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு விசுவாசிக்கப்போறார். சபை சந்தோஷமா இருக்கு, கெடுக்காதே” என்றார். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதையே அறிவித்தார். சிங்கப்பூரில் உள்ள எங்கள் சபைக்கும் எழுதிப்போட்டார்.

அங்கிருந்து செய்தி கிழவரின் தம்பி காதுக்குப் போனது. வருஷா வருஷம் யூதர்களின் பெரிய உபவாச நாளுக்குக் கிழவர் சிங்கப்பூர் போவார். பத்து ஆண்கள் கூடினால்தான் அவர்களுக்குச் சபை ஜெபம். செத்தவருக்குச் சொல்லும் ஜெபத்துக்கும் பத்துப் பேர் வேண்டும். தம்பி எழுதினான்: வராதே. பத்துப் பேரில் உன்னை எண்ணமாட்டோம். நீ செத்தால் உனக்காகக் கூடவும் மாட்டோம்.

கிழவர் மறுத்து எழுதியதைத் தம்பி நம்பவில்லை. தப்பு என்னுடையது என்று அவனுக்கு நானும் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. சபையில் சொன்னதைச் சொன்னவர் சபையில்தான் திருப்ப வேண்டும். தையல்காரி கடிதம் போதாது. அந்தத் தம்பியை நான் குறைசொல்லமாட்டேன்.

அந்த வருஷம் உபவாச நாளன்று கிழவர் தன் பாதியின் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நின்று ஜெபம் பண்ணினார். மெஷின் சத்தம் தொந்தரவா என்று பலகைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

“தைச்சுக்கோ. மனுஷக் குரல்தான் இல்லை, சத்தமாவது இருக்கட்டும்.”

அப்படியே மூன்று உபவாச நாள் போய்விட்டது. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது; கடிகாரம் கொண்டுவருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். உபதேசியாரிடம் கேட்டுக் கேட்டு நானும் ஓய்ந்துபோனேன். ஒவ்வொரு முறையும், “பார்க்கலாம்மா.”

மேசியா வந்துவிட்டார் என்றுதான் நான் நம்புகிறேன். இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு கிழவரை அவருடைய சொந்த சனமே தள்ளிவைத்துவிட்டது. காரணம், நான் அவசரத்தில் போட்ட ஒரு பதிலும் அதைத் திருப்ப மனமில்லாத ஒரு பிரசங்கியும்தான். என் நம்பிக்கையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அடுத்தவருடையதை நானே முடித்துவைக்க உரிமை இல்லை என்பதை இவ்வளவு கேடு செய்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

உபதேசியாரே, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வருகிறது. அடுத்த உபவாச நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எந்த இடத்தில் நின்று அவர் விசுவாசித்தார் என்றீர்களோ, அதே இடத்தில் நின்று அவர் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்வீர்களா, மாட்டீர்களா? என் கடைக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம். சபை முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள்.